இரதம் இழுக்கும் வண்டிக்கு எவ்வளவு பலம் வேண்டும்?

அன்பு மகன் சேகருக்கு அம்மா எழுதுவது.

முதலில் நம் வீட்டுப் பிள்ளைகளின் செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் எனக்குக் கை ஓடாது. உன் அக்கா மகள் துர்கா மருந்தாளர் பரீட்சையில் தேறி வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். பெயர் தைத்த வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு நேராகப் பூக்கடைக்கே வந்து நின்றாள். நான் மாலை கட்டிய ஈரக் கையோடு அந்தப் பெயரைத் தடவிப் பார்த்தேன், கறை படியும் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் தம்பி ஹரி, பள்ளிகளுக்கு இடையே நடந்த பேச்சுப் போட்டியில், அதுவும் மலாய் மொழியில், முதலாவதாக வந்திருக்கிறான். வீட்டில் எதைக் கேட்டாலும் ‘ம்’ என்பதோடு முடித்துக்கொள்ளும் பிள்ளை, மேடையில் எப்படிப் பேசினானோ தெரியவில்லை. உன் மகள் தாரணி மாவட்ட ஓட்டப் பந்தயத்தில் வெள்ளிப் பதக்கம் வாங்கியது உனக்குத் தெரிந்த செய்திதான், இருந்தாலும் எழுதுகிறேன், எழுதினால் எனக்கு நன்றாக இருக்கிறது. பிரிக்ஃபீல்ட்ஸில் பூ வாங்க வருகிற எல்லோரிடமும் இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டேன். மாலை வாங்க வந்தவர்கள் இந்தச் செய்திகளையும் சேர்த்து வாங்கிக்கொண்டுதான் போகிறார்கள். உன்னையும் சொல்லாமல் விடுவதில்லை. ஒரே ஒரு பழைய கூடாரமும் கொஞ்சம் பிளாஸ்டிக் நாற்காலிகளுமாகத் தொழிலை ஆரம்பித்தவன் நீ. இன்றைக்குக் காப்பாரிலிருந்து பெந்தோங் வரைக்கும் கல்யாண வீடுகளுக்குக் கூடாரம் போடுகிறாய். யாருக்குக் கிடைக்கும் இப்படிப் பிள்ளைகள்?

இவ்வளவு சந்தோஷத்தை வைத்துக்கொண்டு நான் ஏன் சரியாகத் தூங்காமல் இருக்கிறேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் ‘சரிம்மா, சரிம்மா’ என்கிறாய். குரல் பதிவு அனுப்பினால் அதை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாய் என்று என் மருமகள் வாசுகி சொல்லிவிட்டாள். அவள் ஒருமுறை எனக்கும் போட்டுக் காட்டினாள். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை, கோழியைத் துரத்துகிற மாதிரி இருந்தது. நான் படித்தது தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆனாலும் எழுத்தில் வந்ததை நீ வேகமாக ஓடவிட முடியாது. ஒவ்வொரு எழுத்தாகத்தான் படித்தாக வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

விஷயம் உன் பிக்கப் வண்டிக்கு நீ போடப்போகிற, இஞ்சினுக்குப் பலம் கூட்டுகிற டியூனர். ஆடித் திருவிழாவுக்கு முன்னால் அதைப் பொருத்திவிட வேண்டும் என்று நிற்கிறாய். ஏன் இந்த அவசரம் என்று எனக்குத் தெரியும். போன வருஷமும் காப்பார்க் கோயில் இரதத்தை உன் வண்டிதான் இழுத்தது. மேளம் முன்னால் போக, பால்குடங்கள் நடக்க, உன் வண்டி ஊர்ந்து வந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அர்ச்சனைத் தட்டு நீட்டினார்கள். நின்றாய், எடுத்தாய், மறுபடி நின்றாய். அந்தக் கால்வாய்ப் பாலத்தின் ஏற்றத்தில் வண்டி இருமிக்கொண்டு நின்றுவிட்டது. மிதித்தால் சத்தம் வந்தது, பலம் வரவில்லை. அம்மன் பாலத்தில் பாதி, இந்தப் பக்கம் பாதி. பின்னாலிருந்து அந்த ரவாங் மணியம் இறங்கி வந்தார். சின்ன வீடு மாதிரி ஒரு புது பிக்கப் வைத்திருக்கிறாரே, அவர்தான். எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, “என்னா தம்பி, சாமிக்கே சவாரி இல்லையா? டாக்சி கூப்பிடட்டுமா?” என்றார். மேளக்காரர்கள்கூடச் சிரித்தார்கள். “ஆயில் ஊத்தினியா, இல்ல நல்லெண்ணெய் ஊத்தினியா?” என்று ஒருவன் கேட்டான். கொக்கியைக் கழற்றி மணியத்தின் வண்டியில் மாட்டும்போது உன் முகத்தைப் பார்த்தேன். நீ கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது. பதினேழு வயதில் உன் கப்சாய் மோட்டார்சைக்கிளைப் பார்த்துத் தெருப் பையன்கள் “தாத்தா வண்டி” என்று கேலி செய்தபோதும் இதே மாதிரி சிரித்துவிட்டு, மறுமாதமே பட்டறையில் கொடுத்து இஞ்சினைக் குடைந்து வாங்கி வந்தவன் நீ. வேலை முடிந்து நீ சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடுகிறாய் என்று நான் அப்போது ரொம்ப சந்தோஷப்பட்டேன், சூடாகச் சோறு போட்டேன். எப்படி அவ்வளவு சீக்கிரம் வருகிறாய் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. கையில் கட்டோடு வந்த அன்றைக்குத்தான் தெரிந்தது.

இப்போது கேட்கத் தோன்றுகிறது, அதனால்தான் பெருமாள் கோயில் பிரசாதத்தை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வந்த அன்றைக்கு, உன் நண்பன் முரளி மேசையில் உட்கார்ந்து விளக்கியதையெல்லாம் நான் காது கொடுத்துக் கேட்டேன். அடுக்களையில் இருக்கிறேன் என்று நீங்கள் இரண்டு பேரும் நினைத்தீர்கள். “பெட்டிய அஞ்சாம் நம்பர்ல வச்சுட்டா போதும்டா, கெந்திங் மலையவே இழுத்துட்டு வரலாம்” என்றான் முரளி. நீ, “அவ்வளவு வேணாம்டா, கோயில் பாலம் ஏறினாப் போதும்” என்றாய். பிறகு நான் வந்து கேட்டதும் நீ பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுத்தாய். மூன்று விதம் இருக்கிறதாம். ஒன்று, ஆக்சிலேட்டர் மிதியில் செருகுகிற சின்னப் பெட்டி. இன்னொன்று, இஞ்சினுக்கும் அதன் கம்ப்யூட்டருக்கும் நடுவில் செருகுகிறது. டீசல் எண்ணெய் குறைவாகப் போகிறது என்று அது கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லுமாம், கம்ப்யூட்டர் அதை நம்பி எண்ணெயை இன்னும் அழுத்தி அனுப்புமாம். மூன்றாவது, லேப்டாப்பை மாட்டிக் கம்ப்யூட்டருக்குள் இருப்பதையே மாற்றி எழுதிவிடுவது. “ரெண்டாவதுதாம்மா எடுக்கப் போறேன், கம்ப்யூட்டரையே ஏமாத்திடும்” என்று நீ சொன்னபோது உன் கண்ணில் பள்ளிக்கூடத்துப் பையன் தெரிந்தான். நான் சிரித்தேன். எனக்கும் அந்த மணியத்தின் மேல் கோபம் இருந்தது, மறைப்பானேன்.

அதற்குப் பிறகுதான் அந்த வாசல் கேட் விஷயம். பெட்டி வருவதற்கு முன்னால் பழகிப் பார் என்று முரளி தன்னுடைய மிதிப்பெட்டியைக் கழற்றி உன் வண்டியில் மாட்டிக்கொடுத்தான். நீ வண்டியை உள்ளே விடுவதற்காகத் தாரணி ஓடிப்போய்க் கேட்டைத் திறந்தாள். நான் துளசிச் செடிப் பக்கம் நின்றிருந்தேன். நீ என்றைக்கும் மிதிக்கிற அளவுதான் மிதித்தாய், அது எனக்குத் தெரியும். ஆனால் வண்டி என்றைக்கும் வருகிற மாதிரி வரவில்லை. நாய் பாய்கிற மாதிரி துள்ளி வந்து கேட்டின் ஓரத்தை இடித்து, அதற்குப் பிறகுதான் நின்றது. தாரணி ஓட்டக்காரி, ஒதுங்கிவிட்டாள். “அப்பா, என்னா இது, ரேஸா?” என்று சிரித்தாள். நீயும் சிரித்தபடி இறங்கி, “சிக்கிட்தாம்மா, கொஞ்சூண்டுதான் மிதிச்சேன், பழகிட்டா சரியாயிடும்” என்றாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வளைந்த கேட்டை நீ சரி செய்துவிட்டாய், வர்ணமும் அடித்துவிட்டாய் என்று வாசுகி சொன்னாள். எனக்குள் வளைந்தது இன்னும் நிமிரவில்லை, ஐயா. கண்ணை மூடினால் கேட் கம்பியைப் பிடித்திருக்கிற அவள் கைதான் வருகிறது.

இனி சொல்லப்போவது உனக்குத் தெரியாது. கோபப்படாமல் படி. போன வாரம் நீ பெந்தோங் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, நான் ரயில் ஏறிக் கிள்ளானுக்கு வந்தேன். வாசுகி ஸ்டேஷனில் காத்திருந்து என்னை மேருவுக்குக் கூட்டிப்போனாள். ஆமாம், நீ எப்போதும் வண்டியைக் கொடுக்கிற அந்தச் சீன முதலாளித் தவுக்கேயின் பட்டறைக்குத்தான். அவளைத் திட்டாதே, நான்தான் கூப்பிட்டேன். வழியில் அவள், “அத்தே, நான் சொன்னா ‘உனக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்’னு கேப்பாரு, சொன்னத செய்ய மாட்டாரு. நீங்க சொன்னா ‘சரிம்மா’ம்பாரு, சொன்னத செய்ய மாட்டாரு. நமக்குள்ள என்ன வித்தியாசம்?” என்றாள். அப்படிச் சிரித்துக்கொண்டேதான் போனோம். ஆனால் ஸ்டீரிங்கைப் பிடித்திருந்த அவள் கை இறுகியிருந்ததை நான் பார்த்தேன். கேட் விஷயத்தை அவள் என்னைவிட அதிகமாக நினைத்துக்கொண்டிருக்கிறாள், உன்னிடம் காட்டவில்லை, அவ்வளவுதான்.

தவுக்கேக்குப் பட்டறைத் தமிழ் வரும், எனக்குச் சந்தையில் பேசுகிற பாசார் மலாய் வரும். இரண்டையும் வைத்துப் பேசிக்கொண்டோம். டியூனர் என்று நான் ஆரம்பித்ததும் அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு, “ஆன்டி, பயப்பட வேணாம் லா. நானும் அது விக்கிறேன். உங்க மகன் வந்தா நல்லதா பாத்துப் போட்டுக் குடுப்பேன்” என்றார். “முதல்ல சொல்லுங்க, ஏன் வேணுமாம்?” என்று கேட்டார். நான் பாலத்துக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எவ்வளவு நேரமாக வண்டி ஊர்ந்து வந்தது, உள்ளே ஏர்கான் ஓடியதா, பாலத்துக்கு முன்னால் மீட்டரில் ஏதாவது விளக்கு எரிந்ததா என்று வரிசையாகக் கேட்டார். விளக்கு எரிந்ததாம், வாசுகி சொன்னாள். அவள் முன் சீட்டில் தாரணியோடு உட்கார்ந்திருந்தாளே, அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. “அன்னைக்கு வண்டி முன்னாடி என்ன கட்டினீங்க?” என்று கேட்டார் தவுக்கே.

என்ன கட்டினோம்! எதைக் கட்டாமல் விட்டோம்? கடையிலிருந்து நானே கட்டிக் கொண்டுவந்த செவ்வந்தி மாலை, என் கை மொத்தத்துக்கு. அதைச் சுற்றி வேப்பிலை. இரண்டு பக்கமும் வாழைக் கன்று. அதற்கு மேல், அந்த வருஷம் புதிதாகக் கோயில் கமிட்டியின் பேனர், அம்மன் படமும் கொடுத்தவர்கள் பேரும் போட்டது, வண்டியின் மூக்கிலிருந்து பம்பர் வரைக்கும் இழுத்துக் கட்டியது. நான் கையை விரித்துக் காட்டக் காட்ட அவர் முகம் மாறியது. எழுந்து போய் உதிரிப் பாகம் வந்த அட்டைப்பெட்டியைப் பிய்த்து, எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்த மேசை மின்விசிறியின் முகத்தில் ஒட்டிப் பிடித்தார். “காத்து வருதா, ஆன்டி?” “வரல.” “அதான் உங்க மகன் வண்டி. ரேடியேட்டருக்கு மூச்சு இல்ல. பானாஸ், சூடு. அது ஏற ஏறக் கம்ப்யூட்டர் பாக்குது, இஞ்சின் செத்துடும்னு தெரியுது. அது என்ன பண்ணும்? பெலத்தைக் குறைச்சிடும். வண்டிக்கு நோய் இல்ல. அது தன்னைக் காப்பாத்திக்கிச்சு.” அட்டையைக் கீழே வைத்துவிட்டு, “டர்போ குழாயும் ஒரு தடவை பாக்கணும், கொண்டுவரச் சொல்லுங்க. ஆனா அன்னைக்கு நின்னதுக்குக் காரணம் இதுதான்னு என் மனசு சொல்லுது” என்றார்.

சேகர், நான் எத்தனை வருஷமாக வண்டிகளுக்கு மாலை கட்டுகிறேன்! புது வண்டி எடுத்தவர்கள் எல்லாம் வந்து, “ஆன்டி, முன்னாடி முழுசா மறைக்கிற மாதிரி நல்லா மொத்தமா” என்று கேட்டு வாங்கிப் போகிறார்கள். அந்த வண்டிகள் கோயில் வாசலில் நிற்கும், எலுமிச்சம்பழத்தை நசுக்கும், அர்ச்சனை முடியும், மாலையைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போகும். நிற்கிற வண்டிக்குக் கட்டுகிற மாலையை நாம் ஊர்வலம் முழுக்க ஊர்ந்து போகிற வண்டிக்குக் கட்டிவிட்டோம். அம்மனுக்குச் செய்கிற அலங்காரம் என்று நினைத்தோமே தவிர, அதற்குப் பின்னால் ஒரு இஞ்சின் மூச்சு விட வேண்டும் என்று நம்மில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கமிட்டிக்காரர்களுக்கும் தோன்றவில்லை, அந்த மணியத்துக்கும் தோன்றவில்லை. அவருடைய வண்டி பாலத்திலிருந்துதானே இழுத்தது, அதன் முகத்தில் ஒன்றுமே கட்டவில்லையே! சூடாகிப் பலம் குறைத்துக்கொள்கிற இஞ்சினிடம் போய் ஒரு பெட்டி நின்று பொய் சொல்லி, இன்னும் எண்ணெய் அனுப்பு, இன்னும் அனுப்பு என்றால் என்ன ஆகும் என்று தவுக்கேயைக் கேட்டேன். அவர் பட்டறை மூலையில் கழற்றிப் போட்டிருந்த ஒரு இஞ்சினைக் காட்டினார். அதன் பிஸ்டன் ஒன்று மெழுகுவர்த்தி மாதிரி உருகியிருந்தது.

இதற்காக டியூனரே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கூடாரக் கம்பிகளையும் மேசைகளையும் ஏற்றிக்கொண்டு, பின்னால் டிரெய்லரையும் கட்டிக்கொண்டு நீ மலை ரோட்டில் ஏறும்போது, பின்னாலிருந்து பெரிய லோரிகள் ஹாரன் அடிப்பது உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அதற்காகப் போடு. ஆனால் எதைப் போடுவது என்று யோசித்துப் போடு. தவுக்கே சொன்னதை நான் புரிந்துகொண்ட வரைக்கும் எழுதுகிறேன், தப்பாக இருந்தால் அவரிடமே கேட்டுக்கொள். அந்த மிதிப்பெட்டி இருக்கிறதே, அது வண்டிக்கு ஒரு துளி பலமும் தராதாம். நீ கொஞ்சம் மிதித்தால் நிறைய மிதித்ததாக வண்டியிடம் சொல்லுமாம், அவ்வளவுதான். உன் காலை வேறொருவன் கால் ஆக்கிவிடும். முரளி அதைப் போட்டுக்கொண்டு பலம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான், பாவம். லேப்டாப்பில் மாற்றுகிறவர்களில் நல்லவர்களும் உண்டாம். ஆனால் பழையதை ஒரு பிரதி எடுத்து வைக்கிறாயா என்று கேட்டால் முழிக்கிறவனிடம் வண்டியைக் கொடுக்கக் கூடாதாம். பாரம் இழுக்கிற வண்டிக்கு எழுதுவது வேறு, சும்மா ஓட்டிக் காட்டுகிற வண்டிக்கு எழுதுவது வேறாம். புகைக் குழாயில் இருக்கிற வடிகட்டியையும் கழற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால், திரும்பிப் பார்க்காமல் வந்துவிடச் சொன்னார். உன் வண்டி உன் வீட்டு வாசலில்தான் நிற்கிறது, அந்தக் கரும்புகையை முதலில் மூச்சில் இழுப்பது தாரணிதான். நடுவில் செருகுகிற பெட்டிதான் உனக்கு வேண்டும் என்றால், நம்பரைக் குறைத்து வைக்கக்கூடியதாகவும், வேண்டாத நாளில் கழற்றிவிடக்கூடியதாகவும் எடு. அதோடு சூடு எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரிகிற ஒரு மீட்டரையும் போட்டுக்கொள். கியர் பெட்டி தாங்குமா என்றும் கேள், ஏனென்றால் “இஞ்சினுக்குச் சோறு போட்டுட்டா போதுமா, கியருக்கு வயிறு இருக்கா பாக்கணும்” என்றார் அவர். கம்பெனி கேரண்டி இன்னும் பாக்கி இருந்தால் அது போய்விடும் என்பதையும் சொல்லச் சொன்னார். ஏறுகிற பலத்தைக் கூட்டுகிறவன், இறங்குகிறபோது பிடிக்கிற பிரேக்கையும் பார்த்துவிட்டுத்தான் கூட்ட வேண்டும் என்று வாசுகி சொன்னாள். தவுக்கே அவளைப் பார்த்து, “இந்த அக்காவுக்கு நான் வேலை குடுக்கிறேன்” என்றார்.

இவ்வளவும் கேட்டுக்கொண்டு திரும்பி வந்த பிறகும் என் பயம் போகவில்லை. ஏன் என்று உட்கார்ந்து யோசித்தேன், கையில் ஊசியும் நாருமாக. நீங்கள் எல்லோரும் பலத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். பாலம் ஏறுமா, ஏறாதா என்று பேசுகிறீர்கள். இரதம் பின்னால் இருக்கிறது, அதனால் உன் மனசும் பின்னால் இருக்கிறது. வண்டிக்கு முன்னால் யார் நடக்கிறார்கள் என்று நினைத்துப் பார். செருப்பில்லாத கால்கள். தலையில் பால்குடம், அதனால் திரும்பிப் பார்க்க முடியாது, ஓடவும் முடியாது. மேளச் சத்தத்தில் இஞ்சின் சத்தம் காதில் விழாது. வீட்டு வாசல்களில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள், தரை வழுக்கும். வேண்டிக்கொண்டவர்கள் திடீரென்று ரோட்டில் விழுந்து கும்பிடுவார்கள். நீ ஒவ்வொரு வீட்டுக்கும் நிற்க வேண்டும், எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் உன் கால் மிதியில் இருக்கும். கேட்டருகே துள்ளியது மாதிரி அங்கே ஒரே ஒரு முறை துள்ளினால் போதும். தாரணி அன்றைக்கு ஒதுங்கினாள், ஏனென்றால் அவள் தலையில் ஒன்றும் இல்லை. இந்த ஆடிக்கு அவள் முதல் முறையாகப் பால்குடம் எடுக்கிறாள். “அப்பா வண்டிக்கு நேர் முன்னாலதான் பாட்டி நான் நடப்பேன், அப்பா என்னைப் பாத்துக்கிட்டே வரலாம்” என்று போனில் சொன்னாள். எவ்வளவு ஆசையாகச் சொன்னாள் தெரியுமா?

அதனால் உன்னிடம் கேட்கிறேன். அறிவுரை என்று எடுத்துக்கொள்ளாதே, கேட்கிறேன். திருவிழா அன்றைக்கு உன் வண்டியில் எந்தப் பெட்டியும் இருக்கக் கூடாது. முரளியினுடையது, புதிது, கழற்றி மாட்டுவது, எதுவும். கம்பெனி எப்படிக் கொடுத்ததோ அப்படி இருக்கட்டும், உன் காலுக்குப் பழக்கமான மாதிரி. அதற்கு முன்னால் தவுக்கேயிடம் கொண்டுபோய்க் குழாயையும் ரேடியேட்டரையும் பார்க்கச் சொல். முகப்பில் ஒன்றும் கட்ட வேண்டாம். பேனரைப் பக்கவாட்டில் கட்டச் சொல்லிக் கமிட்டித் தலைவரிடம் நானே போனில் பேசிவிட்டேன். முதலில், “அது எப்படிம்மா, பேர் குடுத்தவங்க கோவிச்சுக்குவாங்களே” என்றார். “கோவிச்சுக்கிறவங்கள வந்து வண்டிய தள்ளச் சொல்லுங்க” என்றேன். சரி என்றுவிட்டார். மாலையை இந்த முறை இரதத்துக்கு மட்டும் கட்டுகிறேன். உன் வண்டிக்குக் கண்ணாடியில் ஒரு முழம் மல்லிகை போதும்.

அப்படியும் பாலத்தில் ஏறவில்லை என்றால்? இதை எழுதத்தான் எனக்கு நேரம் பிடித்தது. ஏறவில்லை என்றால், ஏறவில்லை. பையன்கள் வடம் பிடித்து இழுக்கட்டும். இல்லை, மணியத்தின் வண்டியே வந்து இழுக்கட்டும். நானே அவரிடம் போய், “வாங்க தம்பி, கொஞ்சம் உதவி பண்ணுங்க” என்று கேட்கிறேன். அவர் டாக்சி என்பார், நல்லெண்ணெய் என்பார். சொல்லிவிட்டுப் போகட்டும். என்னைவிடப் பெருமை பிடித்தவள் அந்தக் கிள்ளான் பக்கத்திலேயே கிடையாது, உனக்குத் தெரியாதா? இரதத்தை இழுக்கிறது என் மகன் வண்டி என்று இத்தனை வருஷமாகப் பூ வாங்க வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். உன் அப்பா போன பிறகு அந்தக் கோயிலில் நமக்கு என்று இருந்தது அந்த ஒரு மரியாதைதான். அதை விட்டுக்கொடு என்று என் கையாலேயே எழுதுகிறேன் என்றால், என் பயம் எந்த அளவு என்று நீ புரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு தகவலும் சொல்லிவிடுகிறேன், மிரட்டுவதாக நினைக்காதே. நானும் இந்த ஆடிக்குப் பால்குடம் எடுக்கிறேன். முட்டி வலி இருக்கிறது, உன் அக்கா திட்டுகிறாள், துர்கா மாத்திரை கொடுத்திருக்கிறாள். தாரணிக்குப் பின்னால், உன் பம்பருக்கு முன்னால், நடுவில் நடப்பேன். நீ பெட்டியைக் கழற்றினாயா இல்லையா என்று அன்றைக்கு உன்னிடம் கேட்க மாட்டேன். திரும்பியும் பார்க்க மாட்டேன். நீ எடுக்கிற முடிவு எதுவானாலும் என் முதுகுக்குப் பின்னால்தான் வரும்.

கடிதம் கிடைத்ததும் போன் பண்ணாதே, ‘சரிம்மா’ என்பாய். அதற்குப் பதிலாக ஒன்று செய். திருவிழா முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்த பிறகு, வாசுகி, தாரணி, நீ, நான், எல்லோரும் வரிசையாக நிற்க, யாரையாவது ஒரு புதுப் படம் எடுக்கச் சொல்லிக் குடும்பக் குழுவில் போடு. வண்டி அதில் இருக்க வேண்டாம். கிட்ட வந்து முகத்தை மட்டும் எடுக்க வேண்டாம், கொஞ்சம் தள்ளி நின்று, மிதியை மிதித்ததும் வெறுங்காலாக நடந்ததுமாக எல்லோருடைய பாதமும் முழுசாகத் தெரிகிற மாதிரி எடுக்கச் சொல்.

உன் அம்மா